அக்கா அனுப்பிய மூன்று டிஸ்குகள்

என் அக்கா வீட்டை விட்டுப் போன வருடம், நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் புதிய ரயில் நிலையத்துக்காக மண்ணுக்குள் தூண் அடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் தொடங்கும் இடி சாயங்காலம் வரை ஓயாது. ஒவ்வோர் இடிக்கும் எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் சன்னல் கண்ணாடி ஒரு முறை நடுங்கும். அப்பா முப்பது வருடம் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சத்தத்தைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. வீட்டில் பேச்சு நின்றுபோன பிறகு, பேசாமல் இருப்பதற்கு அது எல்லோருக்கும் ஒரு காரணமாக இருந்தது.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். போர்ட் கிள்ளானில், கப்பல் சரக்குகளுக்குப் படிவம் பூர்த்தி செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. காலையில் கொமுட்டர் ரயிலில் போய் இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்தபோது ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளோடு வேலை செய்த ஒரு சீனர் அதைத் தன் வேனில் ஏற்றி வந்து, மூன்று மாடியும் தூக்கி, முன்னறை மேசையில் வைத்து, ஒயரெல்லாம் மாட்டிக் கொடுத்தார். சட்டை முழுக்க வேர்வை. அம்மா டீ கலக்கிக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டுப் போன பிறகு, "நல்ல பையன். பெரியவங்கன்னா எப்படி நடந்துக்கணும்னு தெரியுது" என்றார் அப்பா. அக்கா கீபோர்டைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

அவள் ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே நிரல் எழுதக் கற்றாள். மூன்று மாதத்தில் ஒரு பேய்க்கதை செய்யத் தொடங்கினாள். படிக்கிற கதை இல்லை, விளையாடுகிற கதை. திரையில் மேலே ஒரு படம், கீழே ஒரு பெட்டியில் நாலைந்து வரி. அதற்கும் கீழே இரண்டு மூன்று வழிகள்: போனை எடு, எடுக்காதே. குழாயை மூடப் போ, இருந்த இடத்திலேயே இரு. எதை மவுஸால் தொடுகிறோமோ கதை அந்தப் பக்கம் போகும். படங்களெல்லாம் எங்கள் வீடு. இரவல் கேமராவில் எடுத்து, ஆபீஸ் ஸ்கேனரில் ஏற்றி, கறுப்புத் தீற்றி இருட்டாக்கியிருந்தாள். தினமும் ஏறி இறங்கும் படிக்கட்டு அவ்வளவு நீளமானது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். குளியலறைக் கொடியில் தொங்கிய அம்மாவின் புடவையைப் பார்த்து ஒரு வாரம் நான் தனியாகக் குளிக்கப் போகவில்லை.

சனிக்கிழமை அவளுக்கு அரை நாள்தான் வேலை. மத்தியானம் சாப்பிட்டதும் அவள் எழுதிய புதுப் பகுதியை நான் விளையாட வேண்டும். அவள் பின்னால் உட்கார்ந்து, என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு பார்ப்பாள். கதவு தட்டப்படும் இடம் வந்தால் நான் பூட்டிவிடுவேன்.

"நீ எப்பவும் பூட்டுற லா. ஒரு தடவையாச்சும் திறந்து பாரேன்."

"திறந்தா பேய் வரும்."

"வரணும்னுதானே உக்காந்து எழுதுறேன்."

கதை முடியும் முன்பே அவள் போய்விட்டாள். வேன் ஓட்டி வந்தவரைத்தான் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னாள். அப்பா கை கழுவிவிட்டு வந்து, "அப்படின்னா இந்த வீட்டுல உனக்கு இடம் இல்ல" என்றார். குரலை உயர்த்தவில்லை. அவள் அந்த வாரமே பதிவு செய்துகொண்டு போய்விட்டாள். கம்ப்யூட்டரும் அவளோடு போனது. அடுத்த வாரம் அப்பா போர்ட் கிள்ளானுக்குப் போய் அவள் கம்பெனி வாசலில் நின்று கத்தியிருக்கிறார். அவள் அந்த வேலையை விட்டுவிட்டாள். அதோடு, அவள் எங்கே இருக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. அப்பா அவளைப் பற்றிய பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். அம்மா அடுப்படியில் அழுதாள், நான் கல்லூரிக்குப் போனேன்.

கல்லூரியில் நான் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கூடத்தில் கழித்துக் கட்டியதில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் பெட்டி. என் வகுப்பில் ஒரு மலாய்த் தோழி இருந்தாள். தடித் தடியாகப் புத்தகம் படிப்பவள். அப்படி ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டியிருந்த சிடியிலிருந்து எனக்கு லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஒவ்வொன்றையும் தட்டித்தான் கேட்க வேண்டும். எனக்கு அது பிடித்துப்போயிற்று.

அக்கா போய் நாலு மாதம் கழித்து, கல்லூரி அலுவலகத்தில் எனக்கு ஒரு பார்சல் வந்திருந்தது. கிள்ளான் தபால் முத்திரை. அனுப்பியவர் விலாசம் இல்லை. உள்ளே மூன்று டிஸ்குகளும் ஒரு துண்டுச் சீட்டும். 'முடிச்சிட்டேன். விளையாடிப் பாரு. கடைசி வரைக்கும் விளையாடு.' அவள் கையெழுத்து.

அது விண்டோஸுக்காக எழுதியது. என்னிடம் இருந்தது லினக்ஸ். ஒன்றுக்காக எழுதியது மற்றதில் ஓடாது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் விண்டோஸ் இருந்தது. ஆனால் வைரஸ் பயத்தால் வெளியிலிருந்து டிஸ்க் கொண்டுவர விடமாட்டார்கள். தோழி வீட்டிலும் இருந்தது. "எங்க வீட்டுக்கு வா, ஐந்து நிமிஷ வேலை" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். நான் போகவில்லை. அதற்குள் இருப்பது எங்கள் படிக்கட்டு, எங்கள் கொடி, எங்கள் அம்மாவின் புடவை. அதை இன்னொருவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அக்கா உட்கார்ந்து எழுதிய அதே முன்னறையில்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பிடிவாதம் என்ன செய்தது என்று பிறகுதான் தெரிந்தது.

விண்டோஸ் நிரல்களை லினக்ஸிலேயே ஓடவைக்க உலகத்தில் எங்கெங்கோ இருந்தவர்கள் சேர்ந்து ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்கு வைன் என்று பெயர். முழுமையாகவில்லை, சிலது ஓடும், பலது விழும். தோழி கல்லூரி இணையத்திலிருந்து அதைத் துண்டு துண்டாக இறக்கிக் கொடுத்தாள். அந்த மூலநிரலை என் பெட்டியிலேயே ஓடும் வடிவமாகக் கட்டி எடுக்க வேண்டும். காலையில் தொடங்கிவிட்டு வகுப்புக்குப் போனால், திரும்பி வரும்போது பாதியில் நின்றிருக்கும். ஏதோ ஒன்று குறைகிறது என்று ஒரு வரி. அதைத் தேடிப் போட்டு மறுபடி தொடங்கினால், வேறொன்று குறையும்.

ஒரு நாள் தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். "வைன் இன்னும் சரியா வரல. நேத்து ஃபுல்லா அதோடதான் கிடந்தேன்" என்று மலாயில் சொன்னேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா கரண்டியோடு நிற்கிறாள்.

"ஒருத்தி போனது போதாதா? நீ குடிக்க வேற ஆரம்பிச்சிட்டியா?"

விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. அப்போதுதான் டிஸ்குகளைப் பற்றியும் சொன்னேன். அம்மா ஒன்றை வாங்கிப் பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள். "இதுக்குள்ள அவ பேசுவாளா?" என்று கேட்டாள். பேசமாட்டாள், எழுதியிருக்கிறாள் என்றேன். "அப்பாகிட்ட சொல்லாத" என்று திருப்பிக் கொடுத்தாள்.

வைன் ஒரு வழியாகக் கட்டி முடிந்தது. அக்காவின் நிரலைக் கொடுத்தேன்; ஒரு நொடி சாம்பல் நிறச் சட்டம் ஒன்று வந்து மறைந்தது. எத்தனை முறை கொடுத்தாலும் அதே ஒரு நொடி. கல்லூரியிலிருந்து இணையக் குழு ஒன்றில் எழுதிக் கேட்டேன். ஒன்பது நாள் கழித்து, யாரென்று தெரியாத ஒருவர் ஒற்றை வரியில் பதில் போட்டிருந்தார்: அந்த மொழியில் எழுதிய நிரல்களுக்குத் துணைக் கோப்பு ஒன்று வேண்டும், அது உன்னிடம் இருக்காது. இல்லைதான். தோழி அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்து தந்தாள்.

அன்றைக்கு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். அப்பா கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போயிருந்தார். சட்டம் வந்தது. நின்றது. அதற்குள் மெதுவாக, மேலிருந்து கீழாக, எங்கள் படிக்கட்டு வந்தது. கைப்பிடிச் சுவரில் நான் சின்ன வயதில் கீறிய கோடுகூடத் தெரிந்தது. நான் அழுதேன் என்று நினைக்கிறேன். கீழே பெட்டியில் எழுத்து வந்ததும் அழுகை நின்றுவிட்டது. ஒரு வார்த்தைகூடப் படிக்க முடியவில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கொட்டியது போல இருந்தது.

அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துருக்களெல்லாம் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தை ஏற்றி வைத்தவை. அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்த எழுத்துரு என்னிடம் இல்லை. அதனால் தமிழ் உரிந்துபோய் அடியில் இருந்த ஆங்கிலம் மட்டும் தெரிந்தது.

முதல் திரையை ஒரு நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை: எம், ஜி, அரைப்புள்ளி, ஜி, எச். இன்னொன்று: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மூன்றாவது: எம், எஃப், அரைப்புள்ளி, எஃப், எச். மூன்றும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன; நடுவில் மட்டும் வேறு. முன்னால் ஒன்று, கடைசியில் ஒன்று, இடையில் இரட்டித்து வருவது ஒன்று. பேருந்தில் போகும்போது, பங்சார் வளைவில், எனக்குப் புலப்பட்டது. அப்பா. அம்மா. அக்கா. அங்கேயே இறங்கி, எதிர்ப் பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த மூன்று வார்த்தையிலிருந்து ஆறு குறி கிடைத்தது. அதை வைத்து அடுத்த வார்த்தை, அதை வைத்து இன்னொன்று. பத்து நாளில் பட்டியல் முடிந்தது. இன்னும் பத்து நாளில் பட்டியலைப் பார்க்காமலே படிக்க வந்தது. எழுத்து எழுத்தாகப் படித்ததால் அவள் ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மெல்ல வந்தது. அவசரமாகப் படிக்கவே முடியாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

கதை முழுக்க மாறியிருந்தது. வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். போன் வருகிறது, அம்மாவின் குரலில், "நான் வர்ற வரைக்கும் யார் வந்தாலும் திறக்காதே" என்கிறது. பிறகு கதவு தட்டப்படுகிறது. வெளியே ஒரு குரல்: "நான் இந்த வீட்டுப் பொண்ணு. திற." இரண்டு வழி. திற. திறக்காதே.

இந்த முறை நான் திறந்தேன். திறந்த கதவின் படம் வந்தது. கீழே பெட்டி காலி. அதோடு நின்றுவிட்டது.

வைனின் கோளாறு என்றுதான் நினைத்தேன். அதற்கு முன் எத்தனையோ கோளாறு பார்த்தாயிற்றே. வேறு பதிப்பு இறக்கிக் கட்டினேன். டிஸ்கை மறுபடி பிரதி எடுத்தேன். குழுவில் எழுதிக் கேட்டேன். இந்த முறை பதில் வரவில்லை. மூன்று வாரம் போயிற்று. எத்தனை முறை ஓட்டினாலும் திறக்காதே என்பதை மட்டும் நான் தொடவில்லை. முன்பெல்லாம் யோசிக்காமல் பூட்டியவள்தான். இப்போது அவள் குரலைக் கேட்டுவிட்டுப் பூட்ட முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கோயிலிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். நான் திரையை மூடுவதற்குள் பின்னால் வந்து நின்றார்.

"இது நம்ம படிக்கட்டு" என்றார்.

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"இது என்ன பாஷை?"

"தமிழ்தாம்பா. எழுத்து சரியா வரல."

"உனக்குப் படிக்கத் தெரியுதா?"

"தெரியும்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. "படி" என்றார். நான் படித்தேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. போன் வரும் இடம், குழாய் தானாகத் திறக்கும் இடம், எல்லாவற்றிலும் அவர் ஒரு விரலால் வழி காட்டினார். குழாயை மூடச் சொன்னார். தண்ணீர் வீணாகப் போகிறதாம். கதவு தட்டும் இடம் வந்தது. அந்தக் குரல் சொல்வதைப் படித்தேன்.

"திறக்கட்டுமாப்பா?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம். திறக்காத" என்றார்.

நான் தொட்டேன். கதை நிற்கவில்லை; போனது. தட்டும் சத்தம் ஓய்ந்தது. பிறகு வீட்டுக்குள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கியது. சுவரில் இருந்த குடும்பப் படத்தில் ஒரு முகம் வெளுத்துப் போயிற்று. அலமாரியில் நாலு தட்டு மூன்றானது. கதையில் திரும்பி வந்த அம்மா ஒரு பெயரைக் கூப்பிட வாயெடுத்து, மறந்து நின்றாள். பேய் என்று எதுவும் வரவே இல்லை. அதைப்போல நான் பயந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தட்டுகள் குறையும் இடத்தில் அப்பா எழுந்து போய்விட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகும் சத்தம் கேட்டது.

நான் கடைசி வரை போனேன். கடைசித் திரையில் படம் இல்லை. இரண்டு வரி. 'நீ பூட்டிட்டேன்னு எனக்குக் கோவம் இல்ல. நான் இங்கதான் இருக்கேன், வா.' அதற்குக் கீழே, கிள்ளான் பக்கம் பண்டமாரானில் ஒரு சந்தின் பெயரும் வீட்டு எண்ணும். அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். "கிளம்பு" என்றாள் அம்மா.

நான் மட்டும் கிளம்பினேன். கிள்ளான் வரை கொமுட்டர். அங்கிருந்து பேருந்து. சிமெண்ட் போட்ட முற்றமும் தகரக் கூரையுமாக வரிசையாகச் சீனர் வீடுகள். அவள் மாமியார் முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் யாரென்று கேட்கவில்லை. உள்ளே பார்த்து ஹொக்கியன் சீனத்தில் ஏதோ குரல் கொடுத்தார். அக்கா வெளியே வந்தாள். வயிறு பெரிதாக இருந்தது. அது எனக்குத் தெரியாது.

அவள் என்னைத் தொடவில்லை. "அஞ்சு மாசம் ஆச்சு" என்றாள். "டிஸ்கு கிடைக்கலையோன்னு நினைச்சேன். அப்புறம், கிடைச்சும் நீ வரலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"என்கிட்ட விண்டோஸ் இல்லக்கா."

"என்னது?"

சொன்னேன். லினக்ஸ், வைன், துணைக் கோப்பு, எழுத்து. சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்னக் காரணம் என்று எனக்கே தெரிந்தது. தோழி வீட்டில் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும் வேலை. அந்த ஐந்து மாதமும் அவள் மத்தியானங்களில் இந்த முற்றத்தில் உட்கார்ந்து, பேருந்து நிற்கும் முனையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வாந்தி எடுத்துக்கொண்டு, பாஷை புரியாத வீட்டில். அவள் சிரிக்கத் தொடங்கினாள், பிறகு அழுதாள். அப்போதுதான் அவள் கை என் கையைப் பிடித்தது.

"விலாசத்த ஏன் அங்க போய் வச்ச?"

"நீ எப்பவும் பூட்டுற ஆளுதானே. முதல் தடவையே பாத்திருவேன்னு நினைச்சேன்."

"நான் இந்தத் தடவ திறந்தேன். பெட்டி காலியா வருது. மூணு வாரமா அதையும் சரி பண்ணப் பாத்தேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது கோளாறு இல்ல. அங்க நான் ஒண்ணுமே எழுதல."

"ஏன்?"

"கதவத் திறந்தா அப்பா என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியல. எத்தனையோ தடவ உக்காந்து பாத்தேன். ஒரு வார்த்தகூட வரல. அப்படியே விட்டுட்டேன்."

அப்பா அன்றைக்கு என்ன சொன்னார் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. இன்று வரை சொன்னதில்லை. அத்தான் வெளியே போய்விட்டு வந்தார். என்னைப் பார்த்ததும் வேன் சாவியை மேசையில் வைத்துவிட்டு, "டீ?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் என்னை அவரே கிள்ளான் ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார்.

அப்பா கடைசி வரை பண்டமாரானுக்குப் போகவில்லை. போனதெல்லாம் கிள்ளான் ஸ்டேஷன் வரைதான். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆனபோது, நானும் அம்மாவும் பார்க்கக் கிளம்பினோம். அம்மா மறைக்கவில்லை; "பேத்தியப் பாக்கப் போறேன்" என்று அப்பா முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு வந்தார். டிக்கெட்டும் அவரே எடுத்தார். கிள்ளானில் இறங்கியதும் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்க இருக்கேன்."

அம்மா அவரைப் பார்த்தாள், நடந்துவிட்டாள்.

ஸ்டேஷனில் அவர் இருக்கிறார் என்று அக்காவிடம் சொன்னேன். குழந்தையை மடியில் வைத்திருந்தவள் எழுந்துவிட்டாள். வாசல் வரை போனாள். அங்கேயே நின்றாள்.

"வேணாம்" என்றாள். "நான் வந்தா எழுந்து போயிருவாரு. உக்காந்திருக்கட்டும்."

நாங்கள் கிளம்பும்போது ஒரு பிளாஸ்க்கை என் கையில் கொடுத்தாள். ஸ்டேஷனில் அப்பா அதே இடத்தில்தான் இருந்தார், கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு. ரயில் வந்தது. ஷா ஆலம் தாண்டினோம். நான் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடித்தார்.

"சீனி போடல" என்றார்.

அவருக்குச் சர்க்கரை நோய் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் மூடியை மறுபடி நீட்டினார், நான் ஊற்றினேன். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்.

"பிள்ள யார் சாடை?"

"கண்ணு அவங்கப்பா கண்ணு" என்றாள் அம்மா. "காது மட்டும் உங்க காது."